இரவல் பெயர்

முப்பத்தைந்து வயதில் 'ஓய்வு பெற்றவள்' என்று சொல்லிக்கொண்டால் சிரிக்கிறார்கள். ஆனால் பதினோரு வருஷம் பார்த்த வேலையை விட்டு வந்தவளுக்கு வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இயங்கும் சிறிய பதிப்பகம் அது. ஸ்பானிய மொழிக் கதைகளையும் நாவல்களையும் தமிழில் கொண்டுவருவார்கள். மொழிபெயர்ப்பாளர் அனுப்பும் பக்கங்களை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. புத்தகத்தில் என் பெயர் இருக்காது. தவறு நேர்ந்தால் மட்டும் நான் இருந்தது தெரியும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்பு வெளியே வந்தேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

போன மாதம் ஒரு காலை பர்வீன் போன் செய்தாள். என் இடத்தில் இப்போது இருப்பவள். இருபத்து மூன்று வயது. முதல் வரைவைக் கம்ப்யூட்டரே ஒரு மணி நேரத்தில் தமிழில் போட்டுத் தந்துவிடுகிறதாம்.

"நீங்கல்லாம் மாசக்கணக்கா உக்காந்து அப்படி என்னதான்க்கா பாத்தீங்க? எழுதிக் குடுங்களேன், நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள். நான் சிரித்தேன். அடுத்து அவள் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்புறம்க்கா, அந்த வாய்க்கால் நாவல் ரெண்டாம் பதிப்பு போகுது. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல, ஒரே ஒரு எடத்துல மட்டும் அந்தச் செத்துப்போன பொண்ணு பேரு யாழினின்னு இருக்கு. சும்மா படிச்சுக்கிட்டே வந்தேன், திடுக்குன்னு ஆயிடுச்சு. உங்க பாப்பா பேருதானக்கா அது?"

ஆமாம், என் மகள் பெயர்தான். அது அந்தப் பக்கத்தில் இருப்பது எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். அந்த ஒரு வரியை நம்பி ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பர்வீனுக்கு அன்று ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். அவள் கேட்டதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் திருவையாற்றுப் பள்ளி ஆசிரியரின் மகள். எம்.ஏ. முடித்துவிட்டு, எழுத்துப்பிழை பார்க்க ஆள் வேண்டும் என்றதால் அங்கே சேர்ந்தேன். ஸ்பானியம் அங்கேயே கற்றுக்கொண்டதுதான். முதல் மூன்று வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வினைச்சொல் அட்டவணைகளும் தலைவலியும்தான்.

எங்கள் பொறுப்பாசிரியர் செல்வராணி. நாங்கள் ராணியக்கா என்போம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமம். வீட்டில் படகும் மீன் வியாபாரமும். டில்லியில் ஸ்பானியம் படித்து, கம்பெனிகளுக்கு உரைபெயர்ப்பாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அப்போது நாற்பது வயதிருக்கும். மீன் ஏலக்கூடத்தில் பழகிய குரல். மெதுவாகப் பேசினாலும் கீழே பாத்திரக்கடையில் கேட்கும்.

ஒரு மொழியின் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் அவை வளர்ந்த வரிசையில் வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். "எல்லாரும் நடுவுல ஒரு அலையப் புடிச்சுக்கிட்டு அதான் கடலுங்கறாங்க. பறக்கறது, பேய் சமையல்கட்டுல காப்பி குடிக்கறது, அதான் ஸ்பானியக் கதைன்னு நெனைக்கிறாங்க. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, அது ஏன் வந்துச்சு, அப்புறம் என்ன ஆச்சு? அதெல்லாம் தெரிய வேணாமா?"

ஆகவே நாங்கள் போக்கிரிக் கதையிலிருந்து தொடங்கினோம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஸ்பெயினில் பிறந்த வகை அது. பசித்தவன் ஒருவன் எஜமான் மாற்றி எஜமானிடம் வேலை பார்த்து, உலகத்தின் அழுக்கைத் தன் வாயாலேயே சொல்வான். அதைச் சரிபார்ப்பதில் சிக்கல், அவன் பொய் சொல்லும் இடங்களைத் தமிழில் தற்செயலாக உண்மையாக்கிவிடக் கூடாது என்பது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய எதார்த்த நாவல்கள். திரைச்சீலை, நாற்காலி, வரதட்சணை என்று வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் எண்ணி வைத்த புத்தகங்கள். அடுத்து தென் அமெரிக்காவின் மண் நாவல்கள். காடும் சமவெளியும் ரப்பர்த் தோட்டமும்தான் அவற்றில் கதாநாயகர்கள். அந்த நாவலாசிரியர்களே கடைசியில் அருஞ்சொல் பட்டியல் கொடுத்திருப்பார்கள், தலைநகரத்து வாசகனுக்குத் தன் நாட்டு மண்ணே புரியாது என்பதால். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாக அந்தத் தூர தேசம் பக்கத்து ஊர் மாதிரி தோன்றியது. மதகு, தலைமடை, கடைமடை என்று எழுதினால் சென்னைக்காரருக்கும் பட்டியல் வேண்டியிருக்கிறதே.

அதற்குப் பிறகுதான் அந்த நாவல்களை உலகமெங்கும் கொண்டுபோன அறுபதுகளின் பெரிய வெடிப்பு. இரண்டு பக்கத்துக்கு ஒரு வாக்கியம்; நாங்கள் காற்புள்ளிகளை எண்ணினோம். அடுத்து ராணுவ ஆட்சிகளின் காலம். ஆட்கள் காணாமல் போனார்கள், கதைகள் வாக்குமூலங்களாயின. அதில் பெயர்ப் பட்டியல்களை மும்முறை சரிபார்த்தோம். பிறகு, 'எங்கள் ஊரில் யாரும் பறப்பதில்லை, பஸ்ஸுக்குத்தான் நிற்கிறோம்' என்று முகம் திருப்பிக்கொண்ட தலைமுறை. கடைசியாக இந்தக் காலம். இப்போது அந்த மொழியில் பெண்கள் பயத்தை எழுதுகிறார்கள். பாழ் மாளிகை, சங்கிலிச் சத்தம் எதுவும் இல்லை. வீடு, பள்ளிக்கூடம், குழந்தையின் காய்ச்சல், குடிதண்ணீர். சின்னச் சின்ன வாக்கியங்கள். சரிபார்க்க மிகவும் கடினமானவை அவைதான். சொல்லாமல் விட்ட இடத்தில் ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் பயம் போய்விடும்.

எங்கள் முறை மூன்று வாசிப்பு. முதல் வாசிப்பில் இரு பக்கமும் பத்திகளையும் உரையாடல்களையும் எண்ணுவேன். இரண்டாவதில் ராணியக்கா ஸ்பானியத்தை உரக்கப் படிப்பார்; நான் தமிழ் வரியின் கீழே மர ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே வருவேன். மூன்றாவதில் நான் தமிழைப் படிப்பேன். அவர் கையில் தாள் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் இடது கைச் சுட்டுவிரலை மேஜையிலிருந்து தூக்கி வைப்பார். தவறு இருந்தால் தவறு என்று சொல்ல மாட்டார். "திரும்பப் படி" என்பார். மறுபடியும் "திரும்பப் படி." எது தவறு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாவது முறைக்குள் கண்டுபிடிக்காவிட்டால்தான் திட்டு: "கோயில்ல சுண்டல் குடுக்கற மாதிரி கமாவ அள்ளி அள்ளிப் போட்டிருக்க. அவரு எண்ணி ரெண்டுதான் போட்டிருக்காரு."

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் இந்தக் கட்டுரையின் காரணம். வெளிநாட்டுப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பது பல சமயம் உடனே தெரியாது. நூலாசிரியரையோ அந்த ஊர்க்காரரையோ கேட்டுப் பதில் வர மாதங்களாகும். அதுவரை அந்தப் பாத்திரத்துக்கு ஓர் இரவல் பெயர் வைப்போம், தமிழ்ப் பெயராக. உச்சரிப்பு உறுதியானதும் கடைசியில் மொத்தமாக மாற்றுவோம். ஒரு சர்வாதிகாரி நாவலில் ஜெனரலுக்குத் தங்கவேலு என்று பெயர். 'தங்கவேலு நாற்பது பேரைச் சுவரோரம் நிறுத்தச் சொன்னார்' என்று நான் ஆறு மாதம் படித்தேன். மொழிபெயர்ப்பாளர் துரை சார் திருச்சியிலிருந்து போனில் சொல்வார்: "எங்க மாமனார் பேரும்மா அது. படிச்சாருன்னா மொதல்ல என்னத்தான் செவுத்தோரம் நிப்பாட்டுவாரு."

இதற்கு ராணியக்கா ஒரே ஒரு விதி வைத்திருந்தார். "இரவல் பேரு கண்ணக் குத்தணும். குத்துனாத்தான் எடுப்ப. நல்ல பேரா வெச்சா அங்கயே குடியிருந்துக்கும்."

வாய்க்கால் நாவல் வந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பம். எக்குவடோர் நாட்டுப் பெண் ஒருவர் எழுதியது. அங்கும் ஆற்று முகத்துவாரத்தில் நெல் விளைகிறது. நாற்று நடுகிறார்கள், தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள். வயல்களுக்கு நடுவே வெட்டிய புது வாய்க்காலில் ஒரு சிறுமி மூழ்கிப்போகிறாள். உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில், வயலில் ஆள் இல்லாத நேரத்தில், அவள் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நிற்கிறாள். ஊரில் எல்லாரும் பார்க்கிறார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை; இன்றைக்கு வெயில் அதிகம் என்பது மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். தாய் மட்டும் கரையில் நின்று அவளோடு பேசுகிறாள். சின்னக் குழந்தைகள் 'நான்' என்று சொல்லாமல் தன் பெயரையே சொல்லிப் பேசுமே, அந்தப் பெண்ணும் அப்படித்தான் பேசுவாள்.

அவள் பெயர் அந்நாட்டுப் பழங்குடி மொழியில் நிலாவைக் குறிக்கும் சொல். ஸ்பானிய எழுத்தில் இருந்த அதை எங்களுக்குத் தெரிந்த நான்கு விதமாகவும் உச்சரிக்கலாம். ஆசிரியருக்கு எழுதிக் கேட்டோம். இரவல் பெயர் வைக்கும் வேலை என்னுடையது.

நான் யாழினி என்று வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். பெண் பிறந்தால் அந்தப் பெயர் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். பிறக்கும் முன்னே பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் கணவர் முரளியிடம்கூட நான் சொல்லவில்லை. அதை எழுத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அன்று வேறு எதிலாவது எழுதிப் பார்த்திருக்கலாம். ஒரு பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கலாம்.

நான்கு மாதம் அந்தப் பெயரை உரக்கப் படித்தேன். வயிற்றில் குழந்தை அசையும். 'யாழினி தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். விரல்களில் பாசி' என்று படிப்பேன். ராணியக்கா கண்ணை மூடியபடி விரலைத் தூக்கி வைப்பார். பெயரை மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே. சொன்னால் பெயரைச் சொன்னதாகிவிடுமே. இப்படியே தள்ளிப்போட்டேன்.

ஒன்பதாம் மாதம் ஆசிரியரின் குரல் பதிவு வந்தது. அவர் தன் குரலில் மூன்று முறை சொல்லியிருந்தார்: கில்யா. அன்றே எல்லா இடத்திலும் மாற்றினோம். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. மறுநாள் துரை சார் இரண்டு பக்கங்களைத் திருத்தி அனுப்பினார். ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டாராம். அவர் தன்னிடம் இருந்த, பெயர் மாற்றாத பழைய பிரதியில் திருத்தியிருந்தார். அவற்றை உள்ளே சேர்த்தோம். அன்று ராணியக்கா ஊரில் இல்லை. உரக்கப் படிக்க எனக்கு மூச்சு வாங்கியது. நானே மனதுக்குள் ஒருமுறை படித்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு வருஷத்தில் மூன்றாம் வாசிப்பு இல்லாமல் நான் கையெழுத்திட்ட பக்கங்கள் அந்த இரண்டும்தான்.

பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் பெயர் சூட்டினோம். முரளியின் அக்கா குழந்தையின் காதில் மூன்று முறை யாழினி என்றார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, நண்பகலில், கூரியர் வந்தது. புது நாவல். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பிரித்தேன். எந்தப் பக்கம் என்று நான் தேடவில்லை. அந்த இரண்டு பக்கம்தான் கனவிலும் வந்துகொண்டிருந்தது. விரல் தானாகப் போனது. வாய்க்காலில் நிற்கும் பெண் தாயிடம் சொல்கிறாள்:

"அம்மா, யாழினி வந்திருக்கேன். இங்க கால் தரை தட்டல."

நான் படித்துச் சரி என்று சொன்ன வரி. அந்தப் பெயர் என் கண்ணைக் குத்தவில்லை. எனக்கு எவ்வளவு பிரியமான பெயர், எப்படிக் குத்தும்?

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சிறு திருத்தச் சீட்டு ஒட்டியிருப்பார்கள், ராணியக்கா ஒருநாள் முழுக்கத் திட்டியிருப்பார், முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சீட்டில் என் மகளின் பெயரை 'பிழை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும். பெயர் வைத்த அன்றே. என்னால் முடியவில்லை.

புத்தகம் நன்றாகப் போனது. ஒரு வாசகர் கூட்டத்தில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அந்த வரியை எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசினார். நாவல் முழுக்க அந்நியப் பெயர், ஒரே ஒரு இடத்தில் நம் வீட்டுப் பெயர், எவ்வளவு துணிச்சலான உத்தி என்றார். நல்லவேளை, ராணியக்கா அன்று வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயதாகிப் பேச்சு வந்தது. எல்லாக் குழந்தைகளையும் போலத் தன் பெயரைச் சொல்லித்தான் பேசினாள். "யாழினிக்குப் பூவா." "யாழினி தூங்கல." அது இயல்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாள் மத்தியானம், நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, "அம்மா, யாழினி வந்திருக்கு" என்று குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று தெரிந்தும் சில நொடிகள் திரும்ப முடியவில்லை. அவள் காய்ந்த தரையில்தான் நின்றாள், கையில் ஒரு சோப்பு டப்பாவோடு. அன்றிலிருந்து தொட்டியில் தண்ணீர் நிற்க விடுவதில்லை. முரளி, "ஊரெல்லாம் புது ஆத்துக் கால்வாய்த் தண்ணி ஓடுது, நீ தொட்டியக் கவுத்து வெச்சிருக்க" என்பார்.

அந்த மாதம்தான் கடிதம் வந்தது. வாசகர் கடிதங்களைப் பிரிப்பதும் என் வேலை. கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்து எழுத்தில், ஒரத்தநாட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து. எழுதியவர் செண்பகம் என்பவர். சத்துணவு மையத்தில் வேலை. நூலகத்தில் எடுத்த புத்தகம் என்று எழுதியிருந்தார்.

'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் மகள் பேசுகிறாள். யாழினி. வாய்க்காலில் போய் மூன்று வருடம் ஆகிறது. ஏழு வயதிலும் தன் பெயரைச் சொல்லித்தான் பேசுவாள். இதை எழுதிய அம்மாவுக்கு அவளை எப்படித் தெரியும்? அவர்களிடம் அவள் வேறு ஏதாவது சொன்னாளா? கேட்டுச் சொல்லவும்.'

நான் இதைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்காருவேன். அது என் பிழை என்று எழுதினால் அவரிடமிருந்து மகளை இரண்டாம் முறை பறிப்பதாகாதா? எழுதாமல் இருந்தால் ஒரு பொய்யின் எதிரே அவரை நிற்க வைப்பதாகாதா? இன்னொரு பயமும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு குழந்தை ஏற்கெனவே தண்ணீரில் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாள் என் வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் போனது. அதன் பிறகு எந்தப் பக்கத்திலும் 'சரி' என்று எழுத என் கை வரவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டேன்.

பர்வீன் போன் செய்த மறுநாள், கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழவாசல் மாடி ஏறினேன். ராணியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பர்வீன் கம்ப்யூட்டர் முன் அசையாமல் இருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தன வருஷமாத் தெரியும்?"

"நாலுக்கா."

"கடுதாசி வந்து?"

"ரெண்டரை."

மேஜை மேல் விரல் ஒருமுறைகூட எழவில்லை. பிறகு சொன்னார்: "பேரு தங்குனது தப்பு. தப்பு நடக்கும், நானும் அன்னிக்கு ஊருக்குப் போகாம இருந்திருக்கலாம். ஆனா கேட்ட கேள்விக்கு ரெண்டரை வருஷம் பதில் சொல்லாம வெச்சிருக்க பாரு, அது தப்பு இல்ல சுதா. அது வேற."

"அக்கா, இப்ப மாத்திடட்டுமா?" என்றாள் பர்வீன் மெல்லிய குரலில்.

"தொடாத. இது இப்ப நம்ம புத்தகம் மட்டும் இல்ல. இவ போய் அந்தம்மாவப் பாத்துட்டு வரட்டும். அவங்க இருக்கட்டும்னா, நான் எக்குவடோருக்கு எழுதி அனுமதி கேக்கறேன். என்னன்னு எழுதுவேன்னு எனக்கே தெரியல." என்னிடம் திரும்பி, "பொண்ணக் கூட்டிட்டுப் போகாத" என்றார்.

பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலவிதமாக அடுக்கினேன். அந்தப் பெயரை எடுக்காதீர்கள் என்று அவர் அழுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுதால் சம்மதித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் மகளின் பெயர் காலம் முழுக்க அந்தத் தண்ணீரில் நிற்கட்டும். அதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்தேன்.

சத்துணவு மையத்தில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். செண்பகம் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். நூலக முத்திரை இருந்தது. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். மடிப்பு விட்டுப்போய், புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது.

"பதில் போடுவீங்கன்னு பாத்தேன்" என்றார். "அப்புறம், வெளிநாட்டுக்காரங்க, அவங்களுக்கு நம்ம கடுதாசி எங்க போய்ச் சேரப்போவுதுன்னு விட்டுட்டேன்."

சொன்னேன். இரவல் பெயர், என் ஆசை, அந்த இரண்டு பக்கம், கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் முன்பு பாசனத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். மையத்துக்குப் பின்னால் வாய்க்கால் நிறைந்து ஓடும் சத்தம் கேட்டது. வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லை.

"அப்ப அது உங்க பொண்ணு பேரு."

"ஆமாங்க."

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. நாலு வயசு."

"தண்ணிக்குப் பயப்படுவாளா?"

"இல்ல. நான்தான் பயப்படுறேன்."

அவர் தலையாட்டினார். "என் பொண்ணும் பயப்பட மாட்டா."

நான் பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "ரெண்டாம் பதிப்பு வருதுங்க. நீங்க இருக்கட்டும்னு சொன்னா அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும். அதுக்குத்தான் கேக்க வந்தேன்."

செண்பகம் என்னை வினோதமாகப் பார்த்தார். "இருக்கட்டுமா? என்னம்மா சொல்றீங்க? நான் இத எத்தன தடவ தொறந்திருக்கேன் தெரியுமா? தொறக்கும்போதெல்லாம் தண்ணியிலதான் நிக்கிறா. கால் தரை தட்டலங்கறா. கூப்புட்டா வர மாட்டேங்கறா, பொஸ்தகத்த மூடுனாலும் போக மாட்டேங்கறா. எடுத்து விடுங்கம்மா அவள. ஈரத்துணியோட எத்தன நாளைக்குத்தான் நிப்பா புள்ள?"

"அடுத்த பதிப்புல எடுத்துடறோம்ங்க" என்றேன்.

"அடுத்த பதிப்புல இல்ல. இதுல." புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். மையத்துப் பதிவேட்டிலிருந்து பேனாவைக் கழற்றிக் கொடுத்தார்.

நான் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். அடித்த பெயர் இருவருடையது. மேலே கில்யா என்று எழுதினேன். பிறகு, வழக்கம் என்பதால், உரக்கப் படித்தேன்: "அம்மா, கில்யா வந்திருக்கேன். இங்க கால் தரை தட்டல."

செண்பகம் கண்ணை மூடவில்லை. எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். மை காய்ந்தது. பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டார்:

"அப்ப இப்ப இந்தப் பொண்ணு நிப்பாளே. இவளுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க."

"எங்க?"

"கரையில. கடைசிப் பக்கம் வரைக்கும் கரையிலதான் நிக்கிறாங்க. போகவே மாட்டாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்தை மூடினார்.